விதைக்கு முன்னால் தண்ணீரைப் பார்!

(இறுதியாண்டு மாணவி, அமைப்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. நகைச்சுவைத் துணுக்கு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டேன். முதல் தடவை அத்தனையும் செத்துப்போனது. இரண்டாம் தடவை பிழைத்தது. ஏன் செத்தது, எப்படிப் பிழைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற நண்பர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

தோட்டம் போட வந்த காரணம்

எங்கள் வீடு ஆம்பூருக்கு அருகே, பாலாற்றங்கரை ஓரம். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் டிரம் ஓட்டுகிறார். அம்மாவும் அக்காவும் ஷூ கம்பெனியில் தையல் வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. அக்கா வேலைக்குப் போனதும் பாட்டியிடம்தான் வளர்கிறார்கள். நான் கல்லூரி விட்டு வந்தால் "சித்தி, சித்தி" என்று காலைக் கட்டிக்கொள்வார்கள்.

போன வருடம் அங்கன்வாடியில் சின்னவளைப் பரிசோதித்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுக் குழந்தைக்கு 11-க்குக் குறையக் கூடாதாம். டாக்டர் இரும்புச்சத்து சிரப் கொடுத்தார். "கீரை, முட்டை, பயறு கொடுங்க" என்று சொல்லி அனுப்பினார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

கீரை வாங்கி வந்தால் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "எந்தக் கால்வாய்த் தண்ணியில வெளஞ்சதோ!" என்பாள். அவள் பயத்தில் நியாயம் உண்டா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது. "விடு அக்கா, நம்ம வீட்லயே போட்டுக்கலாம்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன்.

முதல் தோட்டம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள் பெரியோர். நானும் ஆடி மாதம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கட்டி முளைக்கீரை, வெண்டை, தக்காளி, பீன்ஸ் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டேன். பிள்ளைகள் இரண்டும் மண்ணில் உருண்டன. இரண்டு மழை பெய்தது. நான்காம் நாளே கீரை முளைத்துவிட்டது. சின்னவள் கை தட்டினாள்.

பிறகு மழை நின்றது. தெருப் போர் பம்ப்பில் தினமும் இரண்டு குடம் அடித்து ஊற்றினேன். பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகியது. பீன்ஸ் முதலில் போனது, பிறகு வெண்டை. மண் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பாட்டி கண்ணேறு என்றார். பூச்சி என்று நினைத்து அடுப்புச் சாம்பலை வேறு அள்ளித் தூவினார். நான் விதைக் கடைக்காரரைத் திட்டினேன். பெரியவன் மட்டும் தினமும் வந்து, "சித்தி, இது தூங்குதா?" என்று கேட்பான்.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் வாயைத் திறந்தார். "இன்னாம்மா, இவ்ளோ படிக்கிறியே, அந்தத் தண்ணிய ஒரு தடவ நாக்குல வச்சிப் பாத்தியா?"

பார்த்தேன். கரித்தது.

மீட்டர் சொன்ன சேதி

அந்த வாரம் சுற்றுச்சூழல் பொறியியல் செய்முறை வகுப்பில், அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வரச் சொன்னார் எங்கள் ஆசிரியர். நான் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். குழாயில் வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தோம். டி.டி.எஸ். என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த எடை, மில்லிகிராம் கணக்கில். குழாய்த் தண்ணீர் 430. போர் தண்ணீர் 2,810! "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை.

நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. பாசனத்துக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 450-க்குள் இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2,000-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது.

நான் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு குடம் என்பது 30 லிட்டர். லிட்டருக்கு 2.8 கிராம் உப்பு என்றால் ஒரு நாளைக்கு 84 கிராம். ஒரு மாதத்துக்கு இரண்டரை கிலோ! அந்தச் சின்னப் பாத்தியில் மாதம் இரண்டரை கிலோ உப்பை என் கையாலேயே கொட்டியிருக்கிறேன். தண்ணீரை வெயில் எடுத்துக்கொண்டு போய்விடும். உப்பு எங்கும் போகாது, மண்ணிலேயே தங்கும். வெள்ளையாகப் பூத்தது அதுதான்.

உப்பு ஏன் செடியைக் கொல்கிறது?

தோல் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பச்சைத் தோல் மண்டிக்கு வந்தால் முதலில் என்ன செய்கிறார்கள்? உப்புப் போடுகிறார்கள். தோல் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி அளவுக்கே உப்பு. உப்பு பட்டதும் தோலுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஓடி வரும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது, தோல் அழுகாது. ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே சங்கதிதான். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கப்படும்.

வேரிலும் இதே நியதிதான். வேருக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு குறைவாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். மண் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் செடிக்குத் தாகம். வாடுகிறதே என்று நாம் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம். அதோடு இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். கூடவே சோடியம் வேறு ஒரு வேலை செய்கிறது. களிமண் துகள்களைப் பிரித்துவிடுகிறது. அவை மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காது. காய்ந்தால் சிமெண்டுத் தரை போல இறுகிவிடும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது?

தாத்தாவுக்கு ஆற்றோரம் ஒன்றரை ஏக்கர் இருந்தது. நெல், கேழ்வரகு, கரும்பு போட்டவர். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்க ஆரம்பித்து, கடைசியில் தென்னை மட்டும் நின்றது. அப்பா ஏரைப் பிடிக்கவில்லை, டிரம் ஓட்டப் போனார். எந்தத் தொழிற்சாலைத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உப்புப் போட்ட தோலைப் பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அத்தனை உப்பும் அந்தத் தண்ணீரில் வந்துவிடும். பிறகு 'பிக்கிள்' என்ற கட்டத்தில் மறுபடியும் உப்பு, அமிலம். அதன் பிறகுதான் குரோமியம் சேர்த்துப் பதனிடுவது. பல்லாண்டுக் காலம் இந்தக் கழிவு நீர் சுத்திகரிக்கப்படாமல் நிலத்திலும் ஓடையிலும் பாலாற்றிலும் விடப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. "மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாடு இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் படிக்கிறார்களாம். நம் ஊர்ப் பேரில்! பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. நிலத்தடியில் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்த மறுநாளே ஏறி வந்துவிடாது.

இதை எழுதுவதால் தோல் தொழிலை வெறுப்பவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பரீட்சைக் கட்டணத்தையும் பஸ் செலவையும் கட்டியது அந்தத் தோல்தான். அதே தோல்தான் தாத்தாவின் கிணற்றையும் எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்மை.

வீட்டிலேயே செய்யும் சோதனை

மீட்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் விட்டு, முழுவதும் சுண்டும்வரை காய்ச்சுங்கள். அடியில் தங்குகிற வெள்ளைப் பொடியைப் பாருங்கள். எங்கள் போர் தண்ணீரில் அரை டீஸ்பூன் தங்கியது. குழாய்த் தண்ணீரில் பாத்திரத்தின் அடி லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையைப் பிள்ளைகளை வைத்தே செய்தேன். இரண்டு தட்டு, இரண்டு ஈரத் துணி, தட்டுக்குப் பத்துப் பச்சைப்பயறு. ஒன்றுக்கு மழைத் தண்ணீர், இன்னொன்றுக்குப் போர் தண்ணீர். பெரியவன் எண்ணினான். மூன்றாம் நாள் மழைத் தட்டில் ஒன்பது முளைத்தது. போர் தட்டில் ஆறு. அந்த ஆறிலும் வேர் குட்டை. "இந்தத் தண்ணி கெட்ட தண்ணி சித்தி" என்று அவனே சொன்னான். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் எண்ணியே தெரிந்துகொண்டான்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைகளும் மீட்டரும் உப்பைத்தான் காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று காட்டாது. அதற்கு ஆய்வகத்தில் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். கழிவு நீர் ஓடிய கால்வாய் ஓரத்திலோ, கழிவுச் சேறு கொட்டிய இடத்திலோ உங்கள் மனை இருந்தால், சந்தேகமே வேண்டாம். அந்த மண்ணில் எதுவும் போடாதீர்கள். பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள்.

இரண்டாம் தோட்டம்: மண்ணும் பையும்

தை மாதம் மறுபடி தொடங்கினேன். இம்முறை நிலத்தைத் தொடவில்லை. வாசலில் பன்னிரண்டு பை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் கொடுப்பதுண்டு. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அரிசிப் பைகளையும், வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கி நன்றாக உதறிக் கழுவிய சிமெண்டுப் பைகளையும் வைத்துக்கொண்டேன். அடியில் நான்கு துளை போட்டேன். துளை இல்லாவிட்டால் உப்பு வெளியேற வழி இல்லை. இந்தப் பைகள் வெயிலில் சில மாதங்களில் நைந்துவிடும். அப்போது மாற்ற வேண்டியதுதான்.

மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். செம்மண்ணை ஆற்றோரத்திலிருந்து எடுக்காமல், மலையடிவாரப் பக்கமிருந்து வந்த டிராக்டர் மண்ணில் இரண்டு கூடை கேட்டு வாங்கினேன்.

நம் ஊரில் சல்லிசாகக் கிடைக்கிற மூன்று பொருள்களைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்:

1. ரசாயனம் வந்த பழைய பிளாஸ்டிக் டிரம்கள். எத்தனை முறை கழுவினாலும், பிள்ளைகள் தின்கிற கீரைக்கு அது வேண்டாம்.

2. தொழிற்சாலைக் கழிவுச் சேறு, தோல் சீவல். "உரம்" என்று சொல்லிக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

3. தோல் துண்டு எரித்த சாம்பல். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால், அதிலிருக்கும் குரோமியத்தில் ஒரு பகுதி அதிக நச்சுள்ள வடிவத்துக்கு மாறக்கூடும். எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்புக்குத் தோல் துண்டு போடுவது வழக்கம். பாட்டி பாத்தியில் தூவியது அந்தச் சாம்பல்தான்! தெரியாமல் செய்தது. இப்போது அடுப்புக்கே அந்தத் துண்டு போவதில்லை.

மாடியில் பை வைக்கிறவர்களுக்கு ஒரு சிவில்காரியின் சொல்: ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள பை நனைந்தால் 25 முதல் 30 கிலோ எடை. மாடி நடுவில் குவிக்காமல், சுவர் ஓரமாகப் பிரித்து வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் வைக்கவே கூடாது.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எங்கள் ஓட்டுக் கூரையின் ஒரு பக்கம் 22 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 220 லிட்டர். சிதறுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 175 லிட்டர். அப்பா தகரத்தில் ஒரு தாழ்வாரக் குழாய் அடித்துக் கொடுத்தார். முதலில் வருகிற தண்ணீரில் கூரை அழுக்கு இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு, பிறகு புது டிரம்மில் பிடிக்கிறோம். டிரம்முக்கு இறுக்கமான மூடி அவசியம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதைவிட முக்கியம், சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்துவிடக் கூடாது.

மழைத் தண்ணீரின் டி.டி.எஸ். 25 இருந்தது. போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்தால் சுமார் 720 வருகிறது. மழை இல்லாத நாளில் போர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு. சுமார் 1,220. பரவாயில்லை, சமாளிக்கலாம். அரிசி, காய் கழுவிய தண்ணீரும் பைக்குத்தான் போகிறது. சோப்புத் தண்ணீர் கூடாது. பன்னிரண்டு பைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 18 லிட்டர் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அடித்துளையில் வழிகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். தங்கிய உப்பு கரைந்து வெளியேறும். மழை பெய்தால் அந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். மண் மேல் காய்ந்த சருகு பரப்பினால் ஈரம் நிற்கும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

எதைப் போடலாம்?

எல்லாச் செடிக்கும் உப்பு ஒரே மாதிரி இல்லை. பீன்ஸ், கேரட், வெங்காயம், வெண்டை இவை உப்பைத் தாங்காதவை. தக்காளி நடுத்தரம். காராமணி அதைவிடத் தாங்கும். பீட்ரூட்டும் கொத்தவரையும் நன்றாகவே தாங்கும். என் முதல் தோட்டத்தில் பீன்ஸ் ஏன் முதலில் போனது என்று இப்போது புரிகிறது. இன்னொன்று, குரோமியம் செடிக்குள் போனாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், காய்க்கு வருவது மிகக் குறைவு. ஆகையால் மண் மீது சந்தேகமுள்ளவர்கள் கிழங்கு வகைகளைத் தவிர்ப்பது நல்லது. கீரையை மண் துகள் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு: முளைக்கீரை இரண்டு பை, வெந்தயக் கீரை ஒன்று, கொத்தவரை இரண்டு, காராமணி இரண்டு, தக்காளி இரண்டு, கத்தரி இரண்டு, மிச்சம் ஒன்று பிள்ளைகள் இஷ்டத்துக்கு. முருங்கைக்கு இடமிருந்தால் ஒரு போத்து ஊன்றிவிடுங்கள். கத்தரியில் தாத்தாவின் பிடிவாதம் ஜெயித்தது. "முள்ளு கத்திரிக்கா இல்லாத தோட்டம் ஒரு தோட்டமா?" என்றார். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற இந்த முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருக்கும், ருசி வேறு எதற்கும் வராது. கத்தரிக்கு உப்பு ஆகாது என்பதால் அந்த இரண்டு பைக்கும் போர் தண்ணீரைக் கலப்பதில்லை. மழைத் தண்ணீர், அது தீர்ந்தால் குழாய்த் தண்ணீர்தான்.

சித்திரை வெயிலில் மட்டும் புதிதாகத் தொடங்காதீர்கள். வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும்! ஆடியும் புரட்டாசியும் தையும் நல்ல பட்டங்கள்.

பிள்ளைகளோடு தோட்டம்

சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. கத்தரி காய்க்க மாதக் கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே அவர்கள் பையில் பயறும் முளைக்கீரையும் போட்டேன். பயறு மூன்று நாளில் தலை காட்டும். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். ஆளுக்கொரு பை. பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டுக் கொடுத்தால் அதுவே பூவாளி. முதல் வாரம் சின்னவள் தன் செடியைத் தினமும் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்த்தாள்! திட்டவில்லை. வேறு விதை போட்டோம்.

சில விதிகள் கண்டிப்பாக வேண்டும். மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் கை தானாகவே வாய்க்குப் போகும். சுத்தமான மண்ணாகப் பார்த்து வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். பூச்சி மருந்து வீட்டுக்குள்ளேயே வேண்டாம். அசுவினிக்கு வேப்பெண்ணெயைத் துளி சோப்புடன் கரைத்துத் தெளித்தால் போதும். மிளகாய், பூண்டுக் கரைசல் தெளிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, கண்ணில் பட்டால் எரியும். அரளி, ஊமத்தை போன்ற விஷச் செடிகள் தோட்டத்தில் கூடாது.

லாப நஷ்டம்

உள்ளதைச் சொல்கிறேன். முதல் பருவத்தில் மண், எரு, விதை எல்லாம் சேர்த்து 640 ரூபாய் செலவு. கிடைத்தது கீரை பதினெட்டுக் கைப்பிடி, கொத்தவரை மூன்று கிலோ, தக்காளி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, முள்ளு கத்தரி பதினொன்று. பணக்கணக்கில் போட்ட காசு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் கடைக் கீரையைத் துப்புகிற சின்னவள், "என் கீரை" என்று சொல்லித் தட்டை நக்கினாள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.4. அந்தப் பெருமையைக் கீரைக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். அது பெரும்பாலும் சிரப் செய்த வேலை என்று டாக்டர் சொன்னார். கீரையோடு தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும், சாப்பாட்டோடு டீ கொடுத்தால் சேராது என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு டீ நின்றுவிட்டது. அதுவும் ஒரு லாபம்.

ஒரு வேண்டுகோள்

முதல் முள்ளு கத்தரிக்காயைத் தாத்தா கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு ஆற்றுப் பக்கம் கை காட்டி, "பைக்குத் தண்ணி காட்டிட்ட. அந்த நெலத்துக்கு எப்பம்மா காட்டுவ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு பை என்பது ஒரு குடும்பம் தப்பித்துக்கொள்கிற வழி. ஊர் தப்பிக்கிற வழி அல்ல.

ஆனால் நண்பர்களே, நாளைக்குக் கால்வாய் வெட்டப் போவது, சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஓட்டப் போவது, தொழிற்சாலையில் கழிவு நீரை எங்கே விடுவது என்று வால்வைத் திருப்பப் போவது யார்? டிப்ளமோ முடித்த நாம்தான். அந்த வால்வுக்கு மறுபக்கம் யாருடைய பாத்தி இருக்கிறது என்று தெரிந்தவராக அந்த வேலைக்குப் போவோம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. நம் மாணவர் பேரவை, துறைத்தலைவரின் அனுமதி பெற்று, ஆண்டுக்கு ஒரு நாள் ஆய்வகத்தில் தண்ணீர் பரிசோதனை நாள் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொருவரும் அவரவர் ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வருவோம். அளவை ஒரே நோட்டில் ஊர்வாரியாக எழுதுவோம். அடுத்த வருட மாணவர்கள் அதே ஊர்களை மறுபடி அளக்கட்டும். கூடுகிறதா குறைகிறதா என்று அந்த நோட்டே சொல்லும். முதல் பக்கத்தில் என் ஊர்க் கணக்கை நான் எழுதித் தருகிறேன்: 2,810.